என் எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.

போக்குவரத்து மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவரிடமும் சாவிகள், பதிவேடு, ஓட்டுநர்களின் எண்கள் எல்லாவற்றையும் நேற்றே ஒப்படைத்துவிட்டேன். எந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடும், எந்த ஊரில் சார்ஜ் போடலாம் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதற்காக இதை எழுதவில்லை. ஆறு வருடம் உட்கார்ந்த நாற்காலி இது. அடுத்த வாரம் மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு மாறுகிறேன். எனக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகிறது என்றாலும் இந்த மேஜையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள். போகும்போது சொல்லிவிட்டுப் போகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் அதைத் தேடினால் கிடைக்காது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பா மங்கலத்தில் தறி ஓட்டினார். அம்மா இதே கம்பெனியின் ஃபினிஷிங் ஹாலில் பதினோரு வருடம் பனியன்களில் பிசிர் வெட்டினார். ரேஷன் கார்டோ ஆஸ்பத்திரிச் சீட்டோ எது வந்தாலும் பத்து வயதிலிருந்து என் கைக்குத்தான் வரும். வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை, அந்த வரிசையில் குடியிருந்த எல்லோரும் கொண்டுவருவார்கள். "அவளக் கேட்டா தெரியும்" என்று யாராவது சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் எனக்கு நெஞ்சு நிமிரும். அந்தப் பெருமையைப் பற்றி இன்றும் எனக்கு வெட்கம் இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதில்தான் வெட்கம்.

கம்பெனி ஐந்து மின்சாரக் கார்களை வாங்கியபோது நான் இந்த மேஜைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நம் காரைச் செய்த கம்பெனியின் சார்ஜர்கள் விஷயத்தில் சிக்கல் எதுவும் இல்லை. சாவிக்கொத்தில் தொங்கும் அட்டையை இயந்திரத்தில் காட்டினால் மின்சாரம் ஏறும். ஆனால் நெடுஞ்சாலையில் அவை குறைவு, இருப்பதிலும் பாதி நாள் ஏதாவது ஒன்று கெட்டுக் கிடக்கும். நல்ல வேகமான இயந்திரங்கள் எல்லாம் இன்னொரு கார் கம்பெனியிடம் இருந்தன. தங்கள் ஷோரூம் வளாகங்களுக்குள் வைத்திருந்தார்கள். அவற்றை எல்லாக் கார்களுக்கும் திறந்துவிட்டோம் என்று அவர்கள் அறிவித்ததும் நான்தான் முதலில் கவனித்து ஜெனரல் மேனேஜரிடம் சொன்னேன்.

முதல் முறை சோதித்துப் பார்க்க நானும் ஞானராஜ் அண்ணனும் போனோம். அவர் நம் கம்பெனியின் மூத்த ஓட்டுநர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேலம்பாளையத்தில் குடியிருந்தார். கார் உள்ளே நுழைந்ததும் டை கட்டிய இரண்டு பேர் சிரித்தபடி ஓடிவந்தார்கள். எங்கள் கார் எந்தக் கம்பெனியுடையது என்று பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார்ஜுக்குங்களா?"

"ஆமாங்க. எல்லா வண்டிக்கும் உண்டுன்னு போட்டிருக்குதுங்களே" என்றேன் நான்.

"உண்டுங்க, உண்டுங்க" என்று சொல்லிவிட்டு ஒருவர் உள்ளே போனார். மற்றவர் எங்கள் காரைச் சுற்றி வந்து, "சீட்டு நல்லாத்தான் இருக்குது, டிக்கிதான் சின்னது" என்று குறை சொன்னார்.

ஞானராஜ் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டே, "பொண்ணு பாக்க வரலண்ணே, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போவ வந்திருக்கோம்" என்றார். டிக்கியைக் குறை சொன்னவரும் சிரித்துவிட்டார். அரை மணி நேரத்தில் அந்த ஷோரூம் காவலாளியின் பெயர், ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. போன் எண்ணையும் வாங்கிக்கொண்டார். பிறகு எந்த ஊரில் சார்ஜ் போட்டாலும் அப்படித்தான் செய்தார். இயந்திரம் காலி என்று போனில் ஆப் பச்சை காட்டினாலும் கிளம்புவதற்கு முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். "மெஷினு நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா அது முன்னால எவனாவது புது வண்டிக்கு மால போட்டுப் பூஜ பண்ணிட்டு நிப்பான். அத ஆப்பு சொல்லாதுல்லா" என்பார். அப்போது எனக்கு அது பழைய ஆட்களின் பழக்கமாகத்தான் தெரிந்தது.

அந்தக் கம்பெனியிடம் அட்டை கிடையாது, ஆப் மட்டும்தான். ஒரு போன் எண்ணில் கணக்குத் தொடங்கி அதன் கீழ் கார்களைப் பதியவேண்டும். சார்ஜ் போடும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அதைத் தட்டினால்தான் இயந்திரம் அசையும். ஒரு கணக்கில் பதிந்த காரை இன்னொரு கணக்கில் பதிய முடியாது. ஐந்து கார்களையும் என் எண்ணில் பதிந்தேன். ஓட்டுநர் வெளியூரில் இருந்து கூப்பிடுவார், நான் ஓ.டி.பி.யைச் சொல்வேன். என்னைக் கேட்காமல் எந்தக் காரும் அந்தச் சார்ஜர்களில் ஒரு யூனிட்கூட ஏற்ற முடியாது. கணக்குகள் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று ஜெனரல் மேனேஜர் பாராட்டினார். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. நாளுக்கு நாலு முறை யாராவது ஓர் ஓட்டுநர், "அம்மா, நம்பர் சொல்லுங்க" என்று கூப்பிடுவது.

ஞானராஜ் அண்ணன் இரண்டாவது வாரமே வந்து கேட்டார்.

"அந்த ஆப்ப என் போன்லயும் போட்டுத் தாங்கம்மா. நான் ஓட்டுத வண்டிய மட்டும் எம்பேர்ல மாத்திருங்க. வழியில உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"அது பூரா இங்கிலீஷ்லங்கண்ணா."

"எட்டாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கேன். எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிடுவேன். நாலு தடவ சொல்லித் தந்தா அஞ்சாம் தடவ நானே போட்ருவேன்."

"எதுக்குங்கண்ணா உங்களுக்குச் சிரமம்? நான் இருக்கறேன்ல, பாத்துக்கறேன்."

எவ்வளவு மரியாதையான பேச்சு என்று பாருங்கள். நம் ஊரில் ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்க மனமில்லை என்றால் இப்படித்தான் சொல்வோம். அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று போனார். மறுபடி ஒரு முறை கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

அவருக்கு ஏன் அது அவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சாயப்பட்டறைக்கும் துணியை அழுத்தி எடுக்கும் காம்பாக்டிங் பட்டறைக்கும் துணி உருளைகளை ஏற்றிப்போகும் சரக்கு வண்டியில் பத்து வருடம் குலுங்கியதில் வந்த கேடு. அதன்பிறகுதான் காருக்கு மாற்றினார்கள். மின்சாரக் கார்கள் வந்தபோது ஜெனரல் மேனேஜர் அவரை அழைத்து, "வயசானவங்களுக்கு இந்த வண்டி ஒத்து வராதுங்க ஞானராஜு. கொஞ்ச நாள் ஓட்டுங்க, பாக்கறேன். சரிப்படலைன்னா பழையபடி சரக்கு வண்டிக்குப் போயிக்கங்க" என்று என் எதிரிலேயே சொல்லியிருந்தார். அந்தக் காரின் இருக்கை போனால் அவருடைய முதுகும் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். அவருக்கும் எனக்கும் அது தெரியும்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

நம்மிடம் பனியன் வாங்கும் ஒரு பையரின் தர அதிகாரி பெங்களூருக்கு வந்திருந்தார். எல்லா அளவுகளிலும் தைத்த சாம்பிள் செட்டை அவர் கையில் எடுத்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நாம் துணியை வெட்ட முடியும். மதியம் இரண்டு மணிக்கு அவர் விமான நிலையம் கிளம்பிவிடுவார். சாம்பிள் முந்தின நாள் மாலைதான் தைத்து முடிந்தது. காலை ஆறு மணிக்கு ஞானராஜ் அண்ணன் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சேலத்தில் நம் காரைச் செய்த கம்பெனியின் சார்ஜரில் ஏற்றிக்கொண்டு போவது என்பது நான் போட்ட திட்டம். அந்த இயந்திரம் வேலை செய்கிறதா என்று அன்று காலை நான் பார்க்கவில்லை. முந்தின வாரம் வேலை செய்தது.

அன்று நம் தொழிற்சாலையில் வேறொரு பையரின் ஆடிட். எட்டேகால் மணிக்கு ஜெனரல் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"கண்ணு, இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்ல ஆள் பத்தலை. நீயும் வா. ஃபினிஷிங் ஹால்ல ஆடிட்டரம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசணும்கறாங்க."

"வண்டி ரோட்டுல இருக்குதுங்க சார்."

"ஞானராஜு போயிக்குவாரு. ஒரு அரை மணி நேரந்தான்."

ஃபினிஷிங் ஹாலுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆடிட் நாளில் மேனேஜர் முதல் எல்லோருடைய போனும் வாசலில் உள்ள டிரேயில்தான் கிடக்கும். என் போனையும் வைத்தேன். பக்கத்து மேஜையில் யாரிடமாவது கொடுத்து, "ஞானராஜ் அண்ணன் கூப்பிட்டால் இதில் வரும் எண்ணைச் சொல்லிவிடு" என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. தோன்றியது. என் போனை இன்னொருவர் கையில் கொடுக்கப் பிடிக்கவில்லை.

உள்ளே போனதும் ஜெனரல் மேனேஜர் அந்த ஆடிட்டர் அம்மாவிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "இந்தப் பொண்ணோட அம்மா இதே டேபிள்ல உக்காந்து பிசிர் வெட்டுனாங்க" என்று தமிழில் சொல்லி, அதை நானே ஆங்கிலத்தில் சொல்லும்படி கை காட்டினார். சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேஜைகளில் இருந்த பெண்கள் எல்லாம் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு என் அம்மாவைத் தெரியும். என் வாழ்க்கையில் அவ்வளவு உயரமாக நான் நின்றது அன்றுதான்.

அரை மணி நேரம் ஒரு மணி நேரமானது, அதற்கு மேலும் போனது. ஒவ்வொரு மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தோம். பத்து மணி இருக்கும். வாசலில் இருந்த செக்யூரிட்டி அக்கா தலையை உள்ளே நீட்டி, சைகையில் என்னைக் கூப்பிட்டார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். மெல்ல நடந்து என் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"கண்ணு, கேட்டுல இருந்து சொல்றாங்க. பெங்களூர் போன டிரைவர் உங்களக் கேட்டு ஆபீசுக்குக் கூப்புட்டுட்டே இருக்கறாராமா. உங்க போனும் டிரேயில கெடந்து அதிருதுங்க."

அப்போது ஆடிட்டர் அம்மா ஒரு கேள்வியைப் பாதி கேட்டிருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செக்யூரிட்டி அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அப்புறம் என்று. அவர் போய்விட்டார்.

அந்தக் கை ஆட்டலுக்கு இரண்டு வினாடி ஆகியிருக்கும். "மன்னிக்கணும், ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தாலும் ஒரு நிமிடம்தான். ஆடிட் ஒன்றும் நின்றுபோயிருக்காது. நான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று நம்பினேன்.

பதினொன்று இருபதுக்கு வெளியே வந்தேன். போனில் பத்தொன்பது தவறிய அழைப்புகள். கூடவே வரிசையாக ஓ.டி.பி.கள், ஒவ்வொன்றும் காலாவதியாகிக் கிடந்தது.

கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண்.

"அக்கா, நான் தர்மபுரி ஷோரூம்ல ரிசப்ஷன்ல இருக்கேன். அவர் மெஷின்கிட்ட நிக்கிறார், என்கிட்ட போனைக் குடுத்துட்டார். நம்பர் வந்துச்சாக்கா? இருங்க, திரும்ப அனுப்பச் சொல்றேன்."

புதிதாக வந்த எண்ணைச் சொன்னேன். தூரத்தில் இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது.

"ஒன்றரை மணி நேரமா நிக்கிறார்க்கா" என்றாள் அந்தப் பெண். "நாற்காலி போட்டோம், உக்காரல."

அங்கே நடந்ததை அவள்தான் சொன்னாள். சேலத்தில் அட்டை காட்டும் அந்த இயந்திரம் செத்துக் கிடந்திருக்கிறது. அங்கிருந்தே எனக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. தர்மபுரிக் காவலாளியிடம் போனில் கேட்டு, அங்கே இயந்திரம் நன்றாக இருக்கிறது, முன்னால் இடமும் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, தொப்பூர் ஏற்றத்தில் மெதுவாக ஓட்டிப் பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதே ஏற்றியிருந்தால் பெங்களூருக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஆபீஸ் போனுக்கு அடித்திருக்கிறார், ஜெனரல் மேனேஜருக்கு அடித்திருக்கிறார், கேட்டுக்கு அடித்திருக்கிறார். அந்தப் பெண்ணை உட்காரவைத்து அவருடைய போனிலேயே புதிதாக ஆப் போட்டிருக்கிறார். எழுத்துக்கூட்டி அவரே பெயரைத் தட்டினாராம். கார் எண்ணைப் போட்டதும், இந்த வாகனம் வேறொரு கணக்கில் உள்ளது என்று வந்துவிட்டது. கடைசியில் சர்வீஸ் கொட்டகையில் இருந்த சாதாரணப் பிளக்கில் மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு மணி நேரத்தில் ஐந்து சதவீதம்கூட ஏறவில்லை.

"எங்க மெஷின்தான், ஆனா நாங்க சொன்னா கேக்காதுக்கா. போன் சொன்னாத்தான் கேக்கும்" என்றாள். "நீங்க ஆஸ்பத்திரியில எதுவும் இருந்தீங்களாக்கா? அவர் அதத்தான் சொல்லிட்டே இருந்தார். அந்தப் பொண்ணு போன எடுக்காம இருக்காதே, என்ன ஆச்சோன்னு."

நான் ஆஸ்பத்திரியில் இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

பெங்களூரில் அவர் அந்த அலுவலக வாசலில் பெட்டியோடு இறங்கியபோது மணி மூன்று. அதிகாரி போய்விட்டிருந்தார். சாம்பிள் பின்னாலேயே விமானத்தில் போய், ஒப்புதல் வருவதற்கு எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் துணி வெட்டாமல் கிடந்தது. இரண்டு தையல் லைன்கள் சும்மா உட்கார்ந்திருந்தன. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் முதலாளி காரணம் கேட்டிருந்தார்.

மறுநாள் காலை ஜெனரல் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. எந்தக் கோபத்திலும் 'ங்க' போடுவார்.

"டீசல் வண்டியா இருந்தா எந்தப் பங்க்குலயாவது ஊத்திட்டுப் போயிருப்பீங்க. இல்லீங்களா?"

"ஆமா சார்" என்றார் ஞானராஜ் அண்ணன்.

ஜெனரல் மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, அவருக்கு அந்த ஆப்பு தெரியாதா?"

என் வலது பக்கத்தில், ஒரு கையை நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டு அவர் நின்றார்.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகும் என்னைத் தூங்கவிடாதது அதுதான். பொய் சொல்லியிருந்தால், பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நான் சொன்ன ஒவ்வோர் எழுத்தும் உண்மை. அவருக்கு அந்த ஆப் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. செக்யூரிட்டி அக்கா வந்து கூப்பிட்டதையும் சொல்லவில்லை.

ஞானராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒப்புக்கொள்வது என்றுகூட மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். அவர் ஜெனரல் மேனேஜர் பக்கம் திரும்பி, "எனக்குச் சொல்லித் தரல சார்" என்றார். அவ்வளவுதான். யார் சொல்லித்தரவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஜெனரல் மேனேஜரும் கேட்கவில்லை.

"சரிங்க. அடுத்த வாரத்துல இருந்து சரக்கு வண்டியப் பாத்துக்கங்க."

வண்டிகள் நிற்கும் இடத்தில் அவர் கார்ச் சாவியை என் கையில் கொடுத்தார். ஏதாவது பேசவேண்டும் என்று, "அண்ணா" என்றேன்.

"ஆடிட்ல நல்லா இங்கிலீஷ் பேசுனீங்களாம்மே" என்றார். "கேட்டுல எல்லாரும் சொல்லுதாங்க."

அவர் குரலில் கேலி இருந்ததா, உண்மையாகவே சொன்னாரா என்பதை நான் பார்க்கவில்லை. சாவியை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கார் கம்பெனியின் சேவை மையத்தோடு நான்கு நாள் மல்லுக்கட்டி, ஐந்து கார்களையும் என் கணக்கிலிருந்து எடுத்து அந்தந்த ஓட்டுநரின் போனில் போட்டேன். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஞானராஜ் அண்ணன் சொன்னது சரி. நான்கு முறை சொன்னதும், ஐந்தாம் முறை அவர்களே போட்டுக்கொண்டார்கள். அவரைவிடக் குறைவாகப் படித்தவர்களும் அவர்களில் உண்டு. மாதக் கூட்டத்தில் இதை ஒரு நல்ல மாற்றம் என்று குறிப்பிட்டு என்னைப் பாராட்டினார்கள். எழுந்து நின்று நன்றி சொன்னேன். நீங்கள் இன்று வைத்திருக்கும் முறை அதுதான். அது எப்படி வந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐந்து மாதம் அவர் சரக்கு வண்டி ஓட்டினார். மண்ணரைக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இடையில் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் ஜன்னலில் இருந்து பார்த்தால் வண்டி நிற்கும் இடம் தெரியும். முதலில் சாதாரணமாக ஏறினார். பிறகு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஏறினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறினார். ஒவ்வொரு நாளும் ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போகவேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. ஷிப்மென்ட் நேரம், அவர் கோபத்தில் இருக்கிறார், தங்கைக்குக் கல்லூரி சேர்க்கை, இந்த வேலை போனால் வீட்டில் அடுத்த சம்பளம் கிடையாது. எல்லாம் உண்மையான காரணங்கள். உண்மையான காரணங்களுக்கு என்னிடம் எப்போதும் குறைவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவருடைய மனைவி வந்து பி.எஃப். படிவத்தை வாங்கிக்கொண்டு போனார் என்று கேட்டில் சொன்னார்கள். குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார்களாம்.

அன்றுதான் ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் இரண்டு முறை கேட்டது, நான் மறுத்தது, செக்யூரிட்டி அக்காவை நோக்கிக் கை ஆட்டியது எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கணக்கு யார் நம்பர்ல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்கிறயா?" என்றார். "அன்னிக்கு என் போனும் அதே டிரேயிலதான் கெடந்துச்சு. எனக்கும் எட்டுத் தடவ கூப்புட்டிருந்தாரு."

"அப்புறம் ஏனுங்க சார் அவர..."

"முதலாளிக்கு ஒரு பேரு சொல்லணுமில்ல கண்ணு. உன்ன அனுப்பிட்டு நான் இங்கிலீஷ்காரிக்கு யாரைக் கூட்டிட்டு வர்றது? அவரு எடத்துக்கு இப்ப கான்ட்ராக்ட் டிரைவரு வந்தாச்சு. உடு. போயி வேலையப் பாரு."

நான் வேலை போய்விடும் என்று ஐந்து மாதம் பயந்தேன். வேலை போகும் நிலையே இருந்திருக்கவில்லை. அந்த அறையில் அன்று நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. காரின் இருக்கை அவருக்கே இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் உண்மையைத் தெரிந்த மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவள் நான்.

அன்று மதியம் ஞானராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா. வண்டி எங்கயும் நின்னுட்டா?"

"இல்லீங்கண்ணா. நான் ஜி.எம். சார்கிட்டச் சொல்லிட்டேன்."

"என்னத்தம்மா?"

"அன்னிக்கு நடந்தது எல்லாம் என் தப்புன்னு. நீங்க ஆப்பு கேட்டதும் நான் தராததும். செக்யூரிட்டி அக்கா வந்து கூப்புட்டும் நான் வரலை, அதையும் சொல்லிட்டேன்."

அந்தக் கடைசி விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், ஒரு குழந்தை அழும் சத்தம்.

"அப்ப நீங்க நல்லாத்தான் இருந்திருக்கிய" என்றார். "நான் ரோட்டுல நின்னுக்கிட்டு, பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டுன்னு மாதாவ வேண்டிக்கிட்டு நின்னேன்."

"மன்னிச்சிருங்கண்ணா."

"அத அந்த ரூம்ல நான் நிக்கும்போது சொல்லியிருக்கணும்மா. எம் பக்கத்துல நின்னு சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லுதது எனக்கு இல்ல, உங்களுக்கு."

அவர் போனை வைக்கவில்லை. எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது. என் பதிலுக்குத்தான் என்று நினைத்து, என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் உரக்க ஒரு எண்ணைச் சொன்னது.

"ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடுதாங்கம்மா" என்றார். "எந்திரிக்கவே எனக்குக் கொஞ்சம் நேரமாவும். வைக்கேன்."